காரீயம் கலந்த மண்ணை மரம் நட்டுச் சுத்தம் செய்ய முடியுமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். பின்புறம் இருபதுக்கு முப்பது அடி காலி நிலம். முன்பு குடியிருந்தவர் அங்கே பல வருடம் கார் பேட்டரிகளைப் பிரித்துப் பழுது பார்த்திருக்கிறார். மண்ணைச் சோதித்ததில் ஒரு கிலோ மண்ணுக்கு 500 மில்லிகிராம் காரீயம் என்று முடிவு வந்திருக்கிறது. வீட்டில் மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள். கன உலோகத்தை உறிஞ்சும் மரங்கள் உண்டு என்று எங்கோ பார்த்திருக்கிறீர்கள். எந்த மரம், எத்தனை வருடம், அப்புறம் அங்கே கீரை போடலாமா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் நிலத்தில் இருக்கும் காரீயத்தை உங்கள் ஆயுளுக்குள் வெளியே எடுத்துத் தரும் மரம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காரீயத்தை மண்ணோடு மண்ணாகக் கட்டிப்போட்டு, தூசியாகப் பிள்ளைகள் கைக்கும் வாய்க்கும் போகாமல் தடுக்கச் செடிகளால் முடியும். இரண்டும் வேறு வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் ஏமாந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மண் ஆய்வுக்கூட வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். நம் நாட்டுத் தமிழில் ஈயம் என்றால் சுரங்கத்தில் எடுத்த ஈயம்தான் நினைவுக்கு வரும். 1857ல் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் வந்து இறங்கியவர்கள் தேடிப் போனது அதைத்தான். ஈயக்குட்டை என்று நாம் சொல்வதும் அது தோண்டிய பள்ளத்தைத்தான். அது வெள்ளீயம். பாட்டி ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயமே. பேட்டரியில் இருப்பது காரீயம். பெயரில் உறவு இருந்தாலும் உடம்புக்குச் செய்வதில் இரண்டும் வேறு. ஒரு முறை ஒரு பெரியவரிடம் மண்ணில் ஈயம் அதிகம் என்றேன். “ஈயம்தானே, நம்ம ஊர்ல எங்க இல்ல?” என்று சிரித்துவிட்டுப் பேரனை அந்த மண்ணிலேயே இறக்கிவிட்டார். அன்றிலிருந்து நான் காரீயம் என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் பயன்படுத்துவதில்லை. உங்கள் வீட்டில் எல்லோரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

சரி, மரம் ஏன் காரீயத்தை எடுப்பதில்லை? வேர் தண்ணீரில் கரைந்திருப்பதைத்தான் உறிஞ்சும். காரீயம் மண்ணில் கரைந்து கிடப்பதில்லை. களிமண் துகளிலும் இரும்புத் துருவிலும் மக்கிய இலைச் சத்திலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கரைந்து வரும் கொஞ்ச நஞ்சமும் வேரின் தோலைத் தாண்டி உள்ளே போவதற்குள் அங்கேயே படிந்துவிடுகிறது. தண்டுக்கும் இலைக்கும் ஏறுவது மிகச் சொற்பம். அதோடு, எண்ணெய் சிந்திய மண் என்றால் வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்று அழித்துவிடும். காரீயம் தனிமம். எந்த உயிரும் அதைத் தின்று வேறொன்றாக்க முடியாது. மண்ணில் இருக்கும், இல்லையென்றால் மரத்தில் இருக்கும், இல்லையென்றால் மரத்தை எரித்த சாம்பலில் இருக்கும்.

உங்கள் நிலத்துக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுநூறு சதுர அடி என்பது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். மேல்மண் 20 சென்டிமீட்டரை மட்டும் எடுத்தால் 11 கன மீட்டர், எடை 14, 15 டன் வரும். கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்றால் மொத்தம் 7 கிலோ காரீயம். ஒரு கார் பேட்டரிக்குள் இருப்பதை விடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்றாலும் அது முழுக்கப் பொடியாகிப் பரவிக் கிடக்கிறது. இப்போது நிலம் முழுக்க மரம் நட்டு, நம் மழைக்கும் வெயிலுக்கும் நன்றாக வளர்ந்து, வருடத்துக்கு 55 கிலோ காய்ந்த கட்டையும் இலையும் தருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவில் 50 மில்லிகிராம் காரீயம் ஏறியிருக்கிறது என்று தாராளமாகவே கொடுப்போம். வருடத்துக்கு வெட்டி வெளியேற்றுவது 3 கிராம் கூட இல்லை. 500ஐ 200க்கு இறக்க நான்கு கிலோவுக்கு மேல் எடுக்க வேண்டும். 1,500 வருடம் தாண்டும். ராஜேந்திர சோழனின் படை கடாரத்துக்கு வந்த 1025 வாக்கில் நட்டிருந்தாலும் இன்று வேலை பாதியில்தான் நிற்கும்.

200 என்று ஏன் சொன்னேன் என்றால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு குடியிருப்பு மண்ணுக்கு நீண்ட காலம் 400 என்ற அளவை வைத்திருந்தது, 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தது. குழந்தைகள் உடம்பில் இவ்வளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதனால் 500 என்பது வீட்டை விற்றுவிட்டு ஓட வேண்டிய எண் இல்லை. அதே நேரம் அலட்சியமாக இருக்கக்கூடிய எண்ணும் இல்லை.

அப்படியானால் உலோகம் உறிஞ்சும் மரம் என்பது பொய்யா? இல்லை. நிஜம், அதுவும் நம் நாட்டிலேயே இருக்கிறது. சபாவில் கினபாலு மலையைச் சுற்றிச் சில இடங்களில் நிக்கல் மிகுந்த சிவந்த மண் உண்டு. சாதாரணச் செடிகளுக்கு அந்த மண் ஆகாது. அங்கே நம் நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும் சொந்தக்காரச் செடிகள் சில, அதே பில்லாந்தஸ் குடும்பப் பெயரோடு வளர்கின்றன. பில்லாந்தஸ் பால்கூயி என்ற மரத்தின் பட்டையைக் கத்தி முனையால் லேசாகக் கீறினால் பச்சையும் நீலமும் கலந்த சாறு கசியும். பார்த்தால் யாரோ சாயம் ஊற்றியது போல இருக்கும். அந்த நிறம் நிக்கலின் நிறம். சாற்றைக் காய வைத்தால் அதில் நூற்றுக்குப் பதினேழு பங்கு வரை நிக்கல். இன்னொரு செடி பில்லாந்தஸ் ரூஃபஸ்சேனியி, 2018ல் பெயர் வைத்தார்கள். செடி கொடியை வைத்து மண்ணிலிருந்து உலோகத்தை அறுவடை செய்யலாம் என்று 1983லேயே சொன்ன அமெரிக்க மண் அறிவியலாளர் ரூஃபஸ் சேனியின் பெயர் அது. அதன் காய்ந்த இலையில் 2 சதவீதத்துக்கு மேல் நிக்கல் இருக்கும். கிளைகளை வெட்ட வெட்டத் துளிர்க்கும். வெட்டியதை எரித்தால் கிடைக்கும் சாம்பலே ஒரு தாதுப்பொருள். அங்கே சோதனைத் தோட்டமே போட்டுப் பயிர் போல அறுவடை செய்து பார்த்திருக்கிறார்கள்.

கீழாநெல்லியை மஞ்சள்காமாலைக்கு அரைத்துக் குடித்து வளர்ந்த நமக்கு, அதன் உறவுக்காரச் செடி இப்படி ஒரு வேலை செய்கிறது என்று கேட்கும்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! ஆனால் கவனியுங்கள், அந்தச் செடி எடுப்பது நிக்கலை. பல லட்சம் வருடம் அந்த மண்ணிலேயே வாழ்ந்து அதற்கென்று பழகிய உடம்பு அது. அதைக் கொண்டுவந்து செந்தூலில் வைத்தால் உங்கள் காரீயத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மரம் உலோகத்தை உறிஞ்சும் என்று பொதுவாகச் சொல்வதற்கு அர்த்தமே இல்லை. எந்த மரம், எந்த உலோகம், எந்த மண் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு.

இன்னொரு நல்ல உதாரணம் மரமே இல்லை, ஒரு பெரணி. நீண்ட காம்பில் சீப்புப் பல் மாதிரி இலை வைத்து, பழைய கடைவீடுகளின் சுண்ணாம்புச் சுவர் விரிசலில் தானாக முளைத்திருக்கும். தெரிஸ் விட்டாடா என்று பெயர். ஆர்செனிக் என்ற நஞ்சை அள்ளி அள்ளி இலையில் சேர்க்கும் குணம் அதற்கு உண்டு என்று 2001ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டுபிடித்தார்கள். இது நம் ஊர் ஈயக்குட்டை ஓரங்களுக்கு முக்கியமான செய்தி, ஏனென்றால் வெள்ளீயத் தாதுவோடு ஒட்டிப் பிறந்தது போல ஆர்செனிக் தாதுவும் வரும். பழைய சுரங்க மண்ணில் நான் முதலில் தேடுவது அதைத்தான், வெள்ளீயத்தை அல்ல. இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஈயக்குட்டை ஓரத்தில் தானாக வளரும் கங்கோங்கையும் பாக்கு என்ற பெரணிக் கீரையையும் இலவசம் என்று பறித்து வருவதை நிறுத்துங்கள். மண்ணும் தண்ணீரும் சோதிக்கப்படாத இடத்துக் கீரை வேண்டாம்.

வில்லோ, பாப்லர் என்ற குளிர்நாட்டு மரங்கள் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் ஓரளவு எடுக்கும். ஐரோப்பாவில் நிறையச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. உலோகம் இலைக்குப் போகிறது, இலை உதிர்கிறது, ஆழத்தில் கிடந்தது மேல்மண்ணுக்கு வந்து சேர்கிறது. இலையைக் கூட்டி எடுத்துப் பத்திரமாக அப்புறப்படுத்தாவிட்டால் மரம் வைக்காமல் இருந்ததே நல்லது என்றாகிவிடும். சூரியகாந்தி பற்றியும் பலர் கேட்பார்கள். உங்கள் காரீயத்துக்கு அது பயன்படாது.

கடுகுக்கு மட்டும் ஒரு பத்தி தருகிறேன். கடுகுச் செடி காரீயம் எடுக்கும் என்று 1990களில் பெரிய நம்பிக்கை இருந்தது. எடுத்தது உண்மை, ஆனால் இடிடிஏ என்ற வேதிப்பொருளை மண்ணில் ஊற்றிக் காரீயத்தைக் கரைத்துவிட்ட பிறகுதான். கரைந்ததை எல்லாம் செடி குடித்துவிடுமா? மிச்சம் மழையோடு இறங்கி நிலத்தடி நீருக்குப் போனது. நம் கோலாலம்பூர் மழையில் இதை யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் ஒரு மழை போதும், அத்தனையும் சாக்கடைக்கும் அங்கிருந்து கோம்பாக் ஆற்றுக்கும் போய்விடும். இதை விற்க யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி உங்கள் வீடு. மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பிள்ளைகள் இருவருக்கும் ரத்தத்தில் காரீய அளவு பாருங்கள். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக உள்ள பிள்ளைகளின் உடம்பு காரீயத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும், அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது, ஒரே ஒரு பரிசோதனையை நம்பாதீர்கள். பட்டறைக்காரர் பேட்டரி அமிலத்தை நிலம் முழுக்கச் சமமாகத் தெளித்திருக்க மாட்டார். ஏதோ ஒரு மூலையில்தான் ஊற்றியிருப்பார். நீங்கள் ஓர் இடத்தில் எடுத்த மண் 500 காட்டினால், பத்தடி தள்ளி 100ம் இருக்கலாம், 3,000ம் இருக்கலாம். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேல் 15 சென்டிமீட்டரில் இருந்து பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். துத்தநாகம் பூசிய வாளியும் மண்வெட்டியும் வேண்டாம், அந்தப் பூச்சு மண்ணில் கலந்து முடிவைக் கெடுக்கலாம். எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் கனமான தகட்டுத் துண்டு ஏதாவது கையில் பட்டால், அது பேட்டரித் தகடு. சின்ன நகத்துண்டு அளவு இருந்தாலும் கையுறையோடு பொறுக்கி மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. மலேசியாவின் 2005 ஆபத்தான கழிவு விதிமுறைகளின்படி காரீய பேட்டரிக் கழிவு எஸ்டபிள்யூ 102 என்ற எண்ணில் வரும் ஆபத்தான கழிவு. அதை எங்கே கொடுப்பது என்று சுற்றுச்சூழல் துறையிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஏதாவது ஒரு மூலை மிக மோசம் என்று தெரிந்தால் அந்த மண்ணை மட்டும் உரிமம் உள்ளவர்களை வைத்து அகற்றிவிடுவதுதான் என் அபிப்பிராயம். மொத்த மேல்மண்ணே ஒன்றிரண்டு லோரி மண்தான். சின்ன நிலத்துக்கு இதுதான் நிஜமான சுத்தம். செடியை வைத்து நூற்றாண்டுக் கணக்கில் காத்திருப்பது பெரிய நிலங்களுக்கே கட்டுப்படியாகாது. ஆனால் மலிவாகச் செய்து தருகிறேன் என்று வருபவர் அந்த மண்ணை எங்கே கொட்டுவார் என்று கேளுங்கள். செம்பனைத் தோட்ட ஓரத்தில் கொட்டினால் உங்கள் பிள்ளைக்கு வந்த பிரச்சினை இன்னொரு பிள்ளைக்குப் போகிறது.

மற்ற இடத்தில்தான் செடிகளுக்கு வேலை. வெறும் மண் ஓர் அங்குலம் கூடக் கண்ணில் படக் கூடாது என்பது ஒரே குறிக்கோள். நம் மண் புளிப்பு மண், புளிப்பில் காரீயம் கொஞ்சம் கூடுதலாகக் கரையும். அதனால் முதலில் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறையுங்கள். பாஸ்பேட் உரம் காரீயத்தோடு சேர்ந்து கரையாத உப்பாக இறுகும், அதையும் போடலாம். ஆனால் இதே யோசனையை ஈயக்குட்டை நிலத்துக்காரர் யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பாஸ்பேட்டும் ஆர்செனிக்கும் மண்ணில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. பாஸ்பேட் போட்டால் ஆர்செனிக் விடுபட்டுக் கிளம்பிவிடும். உங்கள் மண்ணிலும் ஆர்செனிக் இல்லை என்று பரிசோதனையில் பார்த்துவிட்டே போடுங்கள்.

அப்புறம் தாமான் வாசல்களில் எல்லாம் பார்க்கிறோமே அந்த அகல இலைப் புல், அதை அடர்த்தியாகப் பரப்புங்கள். சாக்கடைப் பக்கம் வெட்டிவேர் வரிசை ஒன்று நெருக்கமாக நடுங்கள். உலகம் முழுக்க அந்தச் செடியை நம் தமிழ்ப் பெயரால்தான் அழைக்கிறார்கள். மண்ணரிப்பைத் தடுக்க அதைவிட நல்ல செடி எனக்குத் தெரியாது. வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே மூன்று மீட்டர் வரை போகும், மழை அடித்தாலும் மண் நகராது. உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே வைத்துக்கொள்ளும், இலைக்கு அதிகம் அனுப்பாது. அதனாலேயே ஓர் எச்சரிக்கை: அந்த வேரைப் பிடுங்கிப் பானைத் தண்ணீரில் போடுவதும் எண்ணெயில் ஊற வைப்பதும் கூடவே கூடாது. வீட்டுக்கு வரும் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

மரம் கட்டாயம் வேண்டும் என்றால் யாரும் பறித்துச் சாப்பிடாத, எப்போதும் பச்சையாக இருக்கும் மரமாகப் பாருங்கள். கெலாம் மரம் நல்லது, புளிப்பு மண்ணிலும் ஈரத்திலும் நிற்கும். இடம் போதாது என்றால் வேலியோரம் இட்லிப்பூச் செடி போதும். வேப்பமரம் வேண்டாம். மரத்தில் குறை இல்லை, நம் பழக்கத்தைத்தான் பார்க்கிறேன். ஆடி மாதம் வந்தால் அக்கம் பக்கத்தில் எல்லோரும் கொத்துக் கொத்தாக ஒடித்துப் போவார்கள், அம்மை போட்ட பிள்ளையைப் படுக்க வைப்பார்கள், கொழுந்தை அரைத்துக் கொடுப்பார்கள். முருங்கை, கறிவேப்பிலை, வாழையும் அங்கே வேண்டாம். இலையை உண்ணவோ இலையில் உண்ணவோ செய்கிறோம், அதில் படியும் தூசிதான் பிரச்சினை. ஏற்கனவே நிற்கும் மாமரத்தை வெட்டாதீர்கள். பழத்துக்குக் காரீயம் ஏறுவது மிகக் குறைவு. நன்றாகக் கழுவித் தோலைச் சீவிச் சாப்பிடலாம்.

குழி தோண்டும் நாள்தான் ஆபத்தான நாள். அன்று பிள்ளைகளைத் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மண்ணை முதலில் நனைத்துவிட்டுத் தோண்டுங்கள், எடுத்த மண்ணை அப்படியே குவித்து வைக்காமல் குழிக்கே திருப்பிப் போட்டு மேலே நல்ல மண் பரப்புங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உடுத்தியதைத் தனியாகத் துவையுங்கள். வீட்டுக்குள் தினமும் ஈரத் துணியால் துடைப்பது போதும், விளக்குமாற்றால் கூட்டினால் தூசி கிளம்பும். கவாத்துச் செய்த இலையையும் கிளையையும் எரிக்காதீர்கள்.

கீரை போட வழி இருக்கிறது. தரையில் தண்ணீர் புகும் கெட்டித் துணி விரித்து, அதன் மேல் பலகையிலோ செங்கல்லிலோ ஓரடி உயரப் பாத்தி கட்டி, வெளியிலிருந்து வாங்கிய சோதித்த மண்ணை நிரப்புங்கள். பசலை, வெந்தயம், தண்டுக்கீரை எல்லாம் வரும். மரவள்ளி மாதிரி வேர் ஆழம் போகிறவை மட்டும் வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பாத்தி மண்ணையும் சோதியுங்கள், பக்கத்துத் தூசி வந்து படியும்.

பெரிய நிலத்தில் மரங்கள் என்ன செய்யும் என்று கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய் வாருங்கள், உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். இன்று உயர்ந்த காடாக நிற்கும் அந்த இடம் ஈயம் தோண்டிக் கெட்டுப்போன மண்ணாகவும் காய்கறிக் கொல்லையாகவும் கிடந்தது. 1920களில் மரம் நடத் தொடங்கினார்கள். 2025ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. உள்ளே நடக்கும்போது குனிந்து காலடியைப் பாருங்கள். உதிர்ந்த இலையும் மக்கிய சருகும் வேரும் போர்வையாக மூடிக் கிடக்கின்றன, வெறும் மண் தெரிவதே அபூர்வம். உங்கள் பின்புறத்திலும் அப்படி ஒரு மூடல்தான் வேண்டும்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் கட்டம் போட்ட வரைபடத்தோடு அனுப்புங்கள், எந்த மூலையில் மண் எடுக்க வேண்டும், எங்கே புல் போதும் என்று பார்த்துச் சொல்கிறேன். மாதிரி எடுக்கும்போது பின்வாசல் குழாயடியையும் துணி காயப்போடும் கொடிக்குக் கீழேயும் விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடுவது அங்கேதான்.